வீடு புகுந்த ஆமை உருப்படுமா?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள் நம் பெரியவர்கள். இன்றோ ஆமையை விலை கொடுத்து வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் விடுகிறோம். வீட்டுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த ஆமைக்கு என்ன ஆகும் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. கமுந்திங், தைப்பிங் வட்டாரத்தில் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

நில ஆமையைக் கண்ணாடித் தொட்டியில் அடைப்பதைவிட வெளியே வளர்ப்பது நல்லது. ஆமையின் ஓடு எலும்பால் ஆனது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேர வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் அது உருவாகும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே வளரும் பல ஆமைகளுக்கு ஓடு மிருதுவாகிக் கோணிப்போவதற்கு இதுவே காரணம்.

ஆனால், எந்த ஆமையை எந்த முற்றத்தில் விடுகிறோம் என்பது முக்கியம். ஈரக்காற்று புக்கிட் லாரூட் மலையில் மோதி, மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுவதால், தைப்பிங் வட்டாரம் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. செல்லப் பிராணியாகப் பலரும் விரும்பும் நட்சத்திர ஆமையோ இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள வறண்ட புதர்க்காட்டு விலங்கு. இன்னொன்றான சுல்காட்டா ஆமை, சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பிலிருந்து வந்தது. உள்ளங்கை அளவில் வாங்கும் அந்தக் குட்டி, வளர்ந்தால் 50 கிலோவைத் தாண்டும். ஐம்பது ஆண்டுக்கு மேலும் வாழும். தெரஸ் வீட்டு முற்றம் அதற்கு எப்படிப் போதும்?

காற்றின் ஈரம் மட்டும் ஆமையைக் கொல்வதில்லை. ஊறிய மண்ணும், ஒதுங்கக் காய்ந்த இடமில்லாமையும்தான் ஆபத்து. ஆமை தன் உடற்சூட்டை வெளியிலிருந்து பெறுவது. நனைந்து குளிர்ந்தால் அதன் நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது. நமக்கிருப்பது போன்ற உதரவிதானம் அதற்கு இல்லை. நுரையீரலில் சளி கட்டினால் இருமி வெளியேற்ற முடியாது. மூக்கில் நுரை தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் ஒரே வட்டாரத்தில் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, அந்த ஆமையை மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றியது. மலேசியாவில் உரிய ஆவணமின்றி அதை வைத்திருப்பதே குற்றம். மலிவாகக் கிடைக்கிறதென்றால் சந்தேகப்படுங்கள்.

அப்படியானால் நம் மழைக்குப் பழகிய உள்ளூர் நில ஆமையை வளர்க்கலாமே என்று கேட்கலாம். தீபகற்பத்தின் வடக்கே வாழும் நீள ஆமையும், மலைக்காட்டில் வாழும் ஆசியப் பேராமையும் அழிவின் விளிம்பில் நிற்கின்றன. அவற்றின் இடம் காடுதான். ஆகவே புதிதாக ஆமை வாங்க நினைப்பவர்களுக்கு என் கருத்து ஒன்றே: வேண்டாம்.

ஏற்கெனவே முறையான ஆவணத்துடன் வளர்ப்பவர்கள் முற்றத்தை ஆமைக்கு ஏற்றபடி மாற்றுங்கள். தண்ணீர் தேங்காத மேடான இடத்தில், தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளமும் சாரல் அடிக்காத கூரையும் அமைத்து, ஏறிப் போகச் சரிவும் வையுங்கள். காலை வெயிலும் மதிய நிழலும் இரண்டும் கிடைக்க வேண்டும். வேலியின் அடிப்பகுதியை மண்ணில் புதையுங்கள். புல்லும் செம்பருத்தி இலையும் பூவும் நல்ல உணவு. நட்சத்திர ஆமைக்கும் சுல்காட்டாவுக்கும் பழங்களைக் கொடுத்துப் பழக்காதீர்கள். அடைமழை நாட்களில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

வளர்க்க முடியவில்லை என்றால் தைப்பிங் ஏரியிலோ, பழைய ஈய லம்பக் குட்டைகளிலோ, கோயில் குளத்திலோ விடாதீர்கள். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, மூழ்கிவிடும். நீரில் வாழும் சிவப்புக்காது ஆமையோ அமெரிக்காவிலிருந்து வந்து, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களில் ஒன்றாகிவிட்டது. ஆற்றுத் தூந்தோங்கைக் காப்பாற்றப் போத்தா கானானில் நிலையம் நடத்தும் மாநிலம் இது. இங்கே அந்நிய ஆமையைக் குளத்தில் விடுவது புண்ணியமாகாது. பெர்ஹிலித்தான் அலுவலகத்தை அணுகுங்கள்.

வாங்கும் முன்பு, அடைமழை பெய்யும் ஒரு மாலையில் உங்கள் முற்றத்தைப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, காய்ந்த மண் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். காய்ந்த இடம் கிடைக்கவில்லை என்றால், அங்கே ஆமைக்கும் இடமில்லை.