எழுத்தை அடகு வைப்பதா?

உழவர்கரை! உழவரைத் தாங்கி நிற்கும் இவ்வினிய பெயரை, ழகரம் நாவிலேறாப் பிரெஞ்சுக்காரர் ‘ஊல்கரே’ என ஒலிக்க எழுதினர். 1954இல் அவர்தம் ஆட்சி அகன்றது; அவர் எழுதிய பெயரோ நகராட்சியின் ஆங்கிலப் பலகையில் அப்படியே இருக்கிறது! அயலான் செய்தது அறியாமை. நாம் செய்வதற்கு என்ன பெயர்?

கைப்பேசியிலே நம் இளைஞர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். அங்கே கலையும் களையும் ஒன்று. பள்ளியும் பல்லியும் ஒன்று! (மாணவன் பல்லிக்குப் போவதாக எழுதுகிறான், ஆசிரியர்களாகிய நாம் சிரிப்பதா, அழுவதா?)

“இணையத்தில் தமிழுக்கு வசதியில்லை” என்பர் சிலர். பொய்! 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டையடுத்துத் தமிழக அரசு ‘தமிழ் 99’ விசைப்பலகையை ஏற்றது. 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா வளர்கிறது. தடுப்பது பொறியன்று, நம் சோம்பல்! ஆங்கில எழுத்தே நாகரிகமெனும் அடிமைப் புத்தி!

அச்சுப்பொறிக்கேற்ப எழுத்தைச் சீர்திருத்த 1935இல் பெரியாரின் ‘குடி அரசு’ துணிந்தது. அரசு அதனை ஏற்க 1978 வரை, 43 ஆண்டுகள் ஆயின. நமக்கு அத்தனை போராட்டமா வேண்டும்? பழக வேண்டியவை சில விசைகள், அவ்வளவே!

பாரதிதாசன் பிறந்த புதுவையின் பள்ளிகளிலே, கணினி வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் தமிழ்த் தட்டச்சுக்கு ஒதுக்குக! அரசை நாம் கேட்பது இதுதான்.