கருவியின் குறையும் கண்மேற் பழியும்

கொழும்பிலே கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள அச்சகங்களையும் கணனித் தட்டச்சு நிலையங்களையும் தலைநகர்த் தமிழெழுத்தின் அடுக்களைகள் எனலாம். திருமண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு, கும்பாபிஷேக மலர், தவணைப் பரீட்சை வினாத்தாள், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டிதழ் என யாவும் அங்கே உருப்பெறுகின்றன. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாய்க் கோத்த அச்சுக்கோப்பாளரின் இடத்தைக் கணனி பிடித்துக்கொண்டு பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. பக்கங்கள் முன்னிலும் அழகாகவே வெளிவருகின்றன. ஆயின் அவ்வழகு யாருக்கு உரியது என்ற வினா இன்னும் உரத்து எழுப்பப்படவில்லை.

இந்நிலையங்களிற் பலவற்றில் இன்றும் 'பாமினி' என்னும் எழுத்துருவே வழங்குகின்றது. அவ்வெழுத்துருவிலே 'தமிழ்' என்ற சொல்லைத் தட்டச்சுச் செய்த கோப்பொன்றை விழிப்புலனற்ற மாணவர் ஒருவரிடம் கொடுத்தால் நிகழ்வது யாது? அவருடைய கணனியிலுள்ள திரைவாசிப்பான் அச்சொல்லைத் தமிழாக ஒலிப்பதில்லை. எழுத்தெழுத்தாகக் கேட்பாராயின், 'ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி' என்ற ஆங்கிலக் குறிகளே அவர் காதில் விழும். இதன் காரணம் எளிது. பாமினியில் எழுதப்படுவது உண்மையில் ஆங்கில எழுத்தே. அதன்மேற் போர்த்தப்பட்ட ஓவியம் மாத்திரமே தமிழ். கண்ணுள்ளவர் போர்வையைக் காண்கின்றார். காதால் வாசிப்பவரோ போர்வைக்குள் இருப்பதைக் கேட்கின்றார். தமிழுக்கென மலர் வெளியிடும் சங்கம், தன் மலரிலே 'தமிழ்' என்ற சொல்லையே ஒரு பகுதித் தமிழருக்குப் பொருளற்ற ஓசையாக்கி அளிக்கின்றது. இது சிறு தொழில்நுட்பக் குறையன்று. வாசகர் ஒரு சாராரை வாயிலில் நிறுத்திக் கதவடைக்கும் செயலாகும்.

குற்றம் யாருடையது என்று வினவினால் வழமையான விடை ஒன்று ஆயத்தமாக உள்ளது. தட்டச்சாளருக்கு விளக்கம் போதாது. எழுத்தாளருக்கு அக்கறை போதாது. ஆகவே கருத்தரங்கு நடத்துக, விழிப்புணர்வு ஊட்டுக என்பர். இவ்விடை நல்லெண்ணம் வாய்ந்தது போலத் தோன்றினும் அடிப்படையிற் பிழையானது. நாட்கூலிக்குப் பக்கம் கோக்கும் ஒருவர் தம் கருவி எதை அளிக்கின்றதோ அதைக்கொண்டே வேலை செய்வார். கருவி எதை எளிதாக்குகின்றதோ அதுவே வழக்காகும். எதை மறைத்து வைக்கின்றதோ அது மறக்கப்படும். எனவே முதலில் விசாரிக்கப்பட வேண்டியது மனிதரின் மனம் அன்று, மென்பொருளின் அமைப்பே.

இவ்வுண்மையை உலகம் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்துள்ளது. வலைத்தளங்களுக்கான நியமங்களை வகுக்கும் டபிள்யு3சி என்ற அமைப்பு, உள்ளடக்கத்தை ஆக்கும் மென்பொருள்களுக்கெனத் தனியான அணுகுதகைமை வழிகாட்டி ஒன்றை 2000 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2015 இல் வந்தது. அது இரு பகுதிகளைக் கொண்டது. ஆக்கக் கருவியானது விழிப்புலனற்றோர் உட்பட எல்லோராலும் இயக்கப்படக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது முதற் பகுதி. அக்கருவி உருவாக்கும் ஆக்கம் எல்லோராலும் அணுகத்தக்கதாய் அமைய அக்கருவியே துணைபுரிதல் வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. கருவி தானாகச் செய்யும் செயல்கள் அணுகத்தக்க விளைவையே தரவேண்டும். எழுதுவோர் தவறும் இடத்தில் அது சுட்டிக்காட்ட வேண்டும். ஏலவே உள்ள ஆக்கங்களைத் திருத்த உதவவேண்டும். இவ்வசதிகளை ஒளித்து வைக்காது முன்னிறுத்த வேண்டும். இரண்டாம் பகுதியின் சாரம் இவ்வளவே. ஐக்கிய அமெரிக்காவிலே மத்திய அரசு கொள்வனவு செய்யும் தகவல் தொழில்நுட்பத்துக்கான விதிகள் 2017 இல் திருத்தப்பட்டபோது, ஆக்கக் கருவிகளுக்கெனத் தனிப் பிரிவொன்று அவற்றில் இடம்பெற்றது.

தமிழின் கதையை இவ்வளவுகோல் கொண்டு நோக்குதல் தகும். யுனிகோட் நியமத்தின் முதற் பதிப்பு 1991 இல் வெளிவந்தபோதே தமிழ் அதில் இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 'லதா' என்ற யுனிகோட் தமிழ் எழுத்துருவுடன் வந்தது. இலங்கையிலே தமிழ்க் குறிமுறைக்கான எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தேசிய நியமம் 2008 இல் வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டரசு 2010 இல் யுனிகோட்டை ஏற்று ஆணையிட்டது. இவ்வாறு நியமங்களுக்குக் குறைவிருக்கவில்லை. அங்ஙனமாயின் பாமினி அச்சகங்களிலே நிலைத்தது எதனால்? பக்கம் கோக்கும் மென்பொருள் யுனிகோட் தமிழை ஏற்காமையினாலேயே. 1985 இல் அறிமுகமான பேஜ்மேக்கர், 2001 இல் வெளிவந்த அதன் இறுதிப் பதிப்பு வரையிலும் யுனிகோட்டை அறியாதிருந்தது. அதன் வாரிசான இன்டிசைனின் 2012 ஆம் ஆண்டுப் பதிப்பிலே தமிழைச் சரிவரக் கோக்கும் வசதி சேர்க்கப்பட்டது. எனினும் ஆங்கிலப் பதிப்பைப் பயன்படுத்துபவர் அதனைத் தாமே தேடித் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. தெரிவு செய்யாதவரின் பக்கத்திலே கொம்பும் காலும் இடம்மாறிச் சிதறின. 'யுனிகோட் சரிவராது' என்று தட்டச்சாளர் பாமினிக்கே மீண்டமை அறியாமை அன்று. கையிலிருந்த கருவியைப் பொறுத்தவரையில் அது அறிவார்ந்த முடிவே. கருவியை ஆக்கியோரின் அலட்சியத்துக்குக் கருவியைக் கையாண்டோர் பழி சுமந்தனர். வாசகர் அதன் விலையைச் செலுத்தினர்.

எழுத்துருவோடு இக்குறை முடிந்துவிடுவதில்லை. தலைப்பு என்பது கண்ணுக்குப் பெரிய எழுத்து; திரைவாசிப்பானுக்கோ அது கோப்பினுள் 'இது தலைப்பு' எனக் குறிக்கப்பட்டிருக்க வேண்டிய செய்தி. அக்குறிப்பு இல்லையேல் இருநூறு பக்க நூலொன்றில் மூன்றாம் அத்தியாயத்தைத் தேட முதற் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வரவேண்டியதுதான். வேர்ட் மென்பொருளில் எழுதிய ஆவணத்தைப் பி.டி.எப். ஆகச் 'சேமித்தால்' தலைப்புக் குறிப்புக்கள் உடன்செல்ல இடமுண்டு, அதையே பி.டி.எப். ஆக 'அச்சிட்டால்' அவை உதிர்ந்துவிடுகின்றன. இரு வழிகளும் திரையிற் காட்டும் தோற்றம் ஒன்றே. எதை இழக்கின்றார் என்று பயனருக்குக் கருவி அவ்விடத்திற் சொல்வதில்லை. வேர்ட் மென்பொருளில் அணுகுதகைமையைப் பரிசோதிக்கும் வசதி 2010 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே உண்டு. எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு கேளாமலே வந்து விழுகின்றது. விவரணமற்ற படத்துக்கோ அத்தகைய கோடு வழக்கமாகவில்லை. எது பிழை, எது பிழையன்று என்பதைக் கருவியே கற்பிக்கின்றது என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

விழிப்புலனற்றோரை வாசகராக மாத்திரம் கருதுவதும் ஒருவகை அநீதியாகும். அவர்கள் எழுதுவோருமாவர். அந்தகக்கவி வீரராகவ முதலியார் சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் பாடியவர். யாழ்ப்பாணத்துப் பரராசசேகர மன்னனிடம் பரிசில் பெற்றவர் என்று மரபு கூறும். அவருடைய நாவிற் பிறந்த பாட்டு ஏட்டில் ஏறப் பிறிதொருவரின் எழுத்தாணி வேண்டியிருந்தது. அக்காலத்தில் அதற்கு மாற்று வழி இல்லை. ஆகவே குறைகூற இடமில்லை. இன்றோ நிலைமை வேறு. 2006 இல் அவுஸ்திரேலியாவிலே விழிப்புலனற்ற இளைஞர் ஒருவர் தொடக்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கின்றது. தமிழை ஒலிக்கும் குரலும் அதனோடு வருகின்றது. ஆனால் ஆக்கக் கருவியின் பொத்தான்களுக்குப் பெயரிடப்படாதவிடத்து அக்குரல் 'பொத்தான், பொத்தான்' என்றே உச்சரிக்கும். சுட்டியால் இழுத்து மாத்திரமே பக்கத்தை அமைக்கலாம் எனின், விசைப்பலகையை மாத்திரம் நம்பியிருப்பவர் பக்கம் அமைப்பது எங்ஙனம்? எழுத்தாணி கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்ட பின்னரும் கவிஞரைப் பிறர் கையை எதிர்பார்த்திருக்கச் செய்வது காலத்தின் குறையன்று; கருவி வகுத்தோரின் குறையே.

இவ்விடத்தில் மூன்று ஆட்சேபங்கள் எழுப்பப்படுவதுண்டு.

'இத்தகையோர் மிகச் சிலரே' என்பது முதலாவது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஏதேனுமொரு வலுக்குறைவு உடையோர். அவர்களுட் பார்வை தொடர்பான இடர்ப்பாடு உடையோர் ஏறத்தாழப் பத்து இலட்சம். அன்றியும், பாமினியிற் கிடக்கும் கட்டுரையைக் கண்ணுள்ள ஆய்வாளரும் சொல் கொடுத்துத் தேடிக் கண்டெடுத்தல் இயலாது. இலக்கணம் பிழைத்த கோப்பு எல்லோருக்கும் ஊமையே. சிலருக்கு அது முன்னதாகத் தெரிகின்றது, அவ்வளவே.

'செலவு மிகும்' என்பது இரண்டாவது. கட்டி முடித்த மாடிக்குப் பின்னர் சாய்தளம் அமைப்பது செலவுதான்; வரைபடத்திலேயே அதைச் சேர்ப்பது அத்துணைச் செலவன்று. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, தகவல் தொழில்நுட்பத்தில் அணுகுதகைமையை ஆரம்பக் கட்டத்திலேயே கவனித்தால் அது குறைந்த செலவில் இயலும் என்ற நோக்கையே கொண்டுள்ளது. ஆயிரம் நூல்களைத் தனித்தனியே திருத்துவது செலவா, அவற்றை ஆக்கும் ஒரு கருவியைத் திருத்துவது செலவா என்பதைச் செலவு பேசுவோரே கணக்கிடட்டும்.

'செயற்கை நுண்ணறிவு யாவற்றையும் வாசித்துவிடும்' என்பது மூன்றாவது. இன்று பெரிதும் கேட்கப்படுவதும் இதுவே. படத்திலுள்ள எழுத்தை இயந்திரம் ஊகித்து அறிதல் வளர்ந்து வருகின்றது என்பது உண்மை. ஆனால் ஊகம் வேறு, எழுத்து வேறு. 'பள்ளி', 'பள்ளீ' ஆகிப் 'புள்ளி'யும் ஆகக்கூடிய வாசிப்பை நம்பி ஒரு மாணவர் பரீட்சை எழுத இயலுமா? 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்துப் பழைய நூல்களைப் பக்கப் படங்களாகப் பேணி வருகின்றது. அழிந்துபோகும் தாளைக் காப்பதற்கு அது வேண்டிய பணி, போற்றத்தக்க பணி. ஆனால் கணனியிலேயே பிறக்கும் புதிய நூலையும் வாசிக்கவியலாத உருவிற் பிறப்பித்துவிட்டு, பின்னர் இயந்திரம் அதை ஊகிக்கட்டும் என்பது எவ்வகை நியாயம்? பழைய நூலைப் படமாகக் காப்பது தொண்டு. புதிய நூலை ஊமையாகப் பெற்றெடுப்பது குற்றம்.

சட்டத்தின் நிலையும் மனங்கொளத்தக்கது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் 1996 இல் நிறைவேற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களின் அணுகுவசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. மேற்கூறிய சமவாயத்தில் 2007 இல் ஒப்பமிட்ட இலங்கை, 2016 இல் அதை ஏற்றுறுதி செய்தது. அச்சமவாயம் கட்டடத்தோடு தகவலையும் தொடர்பாடலையும் ஒருங்கே வைத்தே பேசுகின்றது. எனினும் நடைமுறையிற் சாய்தளம் என்றால் சீமெந்துச் சாய்தளம் என்றே பொருள்கொள்ளப்படுகின்றது. நூலகத்தின் வாயிலிற் சாய்தளம் அமைத்துவிட்டு உள்ளே வாசிக்கவியலாத கோப்புக்களை அடுக்கி வைப்பது, விருந்துக்கு அழைத்து வெற்றிலையை மாத்திரம் நீட்டுவதற்கு ஒப்பாகும்.

செய்யவேண்டியது இரக்கப் பிரசங்கம் அன்று, நிபந்தனை விதித்தலே. மென்பொருளை வாங்குவோர் கேட்காதவரை விற்போர் தாரார். பல்கலைக்கழகங்களும் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் மென்பொருள் வாங்கும் ஒப்பந்தங்களிலே, 2015 ஆம் ஆண்டு வழிகாட்டியின் இரு பகுதிகளையும் கேட்டு எழுதுதல் வேண்டும். இலங்கையில் விற்கப்படும் ஆக்க மென்பொருளிலே தமிழும் சிங்களமும் யுனிகோட்டில் பிழையின்றி அமைவது இயல்புநிலையாய் இருத்தல் வேண்டும். தேடிக் கண்டுபிடிக்கும் சலுகையாய் இருத்தல் ஆகாது. ஆய்வேடுகளைத் தாளிற் கட்டிப் பெறுவதோடு, தலைப்புக் குறிப்புடைய யுனிகோட் கோப்பாகவும் துறைகள் பெறுதல் வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலே திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் மாணவர் ஒருவரேனும் அமர்தல் வேண்டும். கருவி வாங்கிய பின்னர் அவரை அழைத்து அபிப்பிராயம் கேட்பதிற் பயனில்லை.

தமிழ்ச் சங்கங்கள் இதில் அரசை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டிதழுக்குக் கொட்டாஞ்சேனை அச்சகத்திலோ வெள்ளவத்தை நிலையத்திலோ விலைகோரும்போது, தாளின் கனத்தையும் அட்டையின் வண்ணத்தையும் குறிப்பிடும் அதே கடிதத்திலே ஒரு வரியைச் சேர்த்தாற் போதும்: அச்சிட்ட பிரதிகளோடு, காதால் வாசிக்கக்கூடிய யுனிகோட் கோப்பு ஒன்றும் தரப்படல் வேண்டும். அவ்வரியை நிறைவேற்ற அச்சகத்தார் தம் கருவியை மாற்றுவர். அவர் மாற்றினால் அடுத்து வரும் கல்வெட்டும் வினாத்தாளும் அவ்வழியே மாறும். அவ்வரியை எழுத மறுக்கும் சங்கம், தமிழ் எல்லோருக்கும் உரியது என்று மேடையிற் பேசுவதை நிறுத்திக்கொள்வதே நேர்மை.