டாலாவின் கணக்கை யார் எழுதுவது?

மிட்ச் ஆல்பம் 2003இல் எழுதிய 'தி ஃபைவ் பீப்பிள் யூ மீட் இன் ஹெவன்' நாவலைப் படித்தவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. இன்னொன்று 'ஓவர் சென்டிமென்ட்' என்று உதட்டைப் பிதுக்குகிறது. அழவைப்பது குற்றமே இல்லைங்க. யாருக்காக அழவைக்கிறார் என்பதுதான் என் சண்டை.

இரண்டாம் உலகப் போரில், பிலிப்பைன்ஸில், எட்டி என்ற சிப்பாய் வைத்த தீயில் குடிசைக்குள் கருகியவள் சிறுமி டாலா. சொர்க்கத்தில் அவளே எட்டியைத் தேற்றுகிறாள். பின்னாளில் ராட்டினங்களைப் பழுதுபார்த்துக் குழந்தைகளைக் காப்பாற்றினாயே என்கிறாள். அவன் கழுவிவிட்டதும் தீக்காயமும் மறைகிறது. பற்று வரவு நேர்!

வணிகவியல் முதலாண்டு மாணவன்கூட இந்த ஐந்தொகையில் கையெழுத்துப் போடமாட்டான். கொன்றவனுக்கு விளக்கம் சொல்ல ஐந்து பேர். அவளுக்கு? அழுங்கள், தாராளமாக. ஆனால் அவளுக்காக.