கம்ப்யூட்டரில் பழகுங்கள், தரையில் விளையாடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "இதுல என்ன கேம் போடலாம்?" சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால் ஏதோ பெரிய பட்டியல் தருவேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் "போர்டு கேம் ஆடுங்கள்" என்றதும் முகம் சுருங்கிவிடும். தாயக்கட்டமும் பரமபதமும் ஆடவா நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கினோம் என்பது போல ஒரு பார்வை.

நான் சொல்வது வேறு வகை போர்டு கேம்கள். ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டுதோறும் சிறந்த விளையாட்டுக்கு "ஸ்பீல் டெஸ் யாரெஸ்" என்ற விருது கொடுக்கிறார்கள். நம் ஊரில் சினிமாவுக்குத் தேசிய விருது மாதிரி அங்கே இதற்கு மதிப்பு. 1995-ல் இந்த விருதைப் பெற்ற "கட்டான்" என்ற விளையாட்டுதான் இந்தப் பொழுதுபோக்கை ஜெர்மனிக்கு வெளியே பரப்பியது. அதை உருவாக்கிய கிளாஸ் டாய்பர், பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் தொழிலில் இருந்தவர். 2023-ல் காலமானார்.

நம் வீடுகளில் பரணில் கிடக்கும் பழைய "டிரேட்" விளையாட்டை நினைத்துக் கொள்ளுங்கள். முதலில் பணம் தீர்ந்தவர் ஒதுங்கி உட்கார்ந்து மற்றவர்களை வேடிக்கை பார்க்க வேண்டும். ஆட்டம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. யார் ஜெயிப்பார் என்பது மட்டும் பாதியிலேயே தெரிந்துவிடும். கட்டான் போன்றவற்றில் யாரும் நடுவில் வெளியேறுவதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். பகடை உண்டு, அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் நாம்தான் எதையாவது தீர்மானிக்க வேண்டும். தாயம் விழும்வரை கட்டைகளை உருட்டிக்கொண்டே காத்திருக்கும் வேலை கிடையாது.

காலேஜ் மூன்றாம் ஆண்டில், ஹாஸ்டலில் ஒரு சீனியர் வைத்திருந்த கட்டான் பெட்டியில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம். அதில் 7 வருவது 6 விதம், 6-ம் 8-ம் தலா 5 விதம், 2-ம் 12-ம் தலா ஒரே ஒரு விதம். கட்டானில் வீடு கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்க இந்தக் கணக்கு போதும். செமஸ்டர் பரீட்சைக்கு நிகழ்தகவு படித்தபோது ஏறாதது அந்த ஹாஸ்டல் தரையில் ஏறியது. (இதே விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் "பகடையில் ஏமாற்றுகிறது" என்று சாஃப்ட்வேரைத் திட்டுவார்கள். ஏமாற்றவில்லை. அறுபது முறை உருட்டும் ஓர் ஆட்டத்தில் 8 அடிக்கடி வராமல் போவது சாதாரணம். கையால் உருட்டினால் கையைத் திட்டுவோம், அவ்வளவுதான்.)

சரி, இதற்கும் புதுக் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? இந்தப் பெட்டிகள் விலை அதிகம். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பிறகு வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை என்றால் வயிறு எரியும். முதலில் இலவசமாக ஆடிப் பார்க்கக் கம்ப்யூட்டர் உதவும். "போர்டு கேம் அரீனா" என்ற இணையதளம் 2010-ல் பிரான்சில் தொடங்கப்பட்டது. எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம், இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பிரவுசரில் திறந்து, ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்தால் போதும். பணம் கட்டாமலே பல விளையாட்டுகளை ஆடலாம். சிலவற்றை மட்டும் சந்தா கட்டிய ஒருவர் தொடங்கி வைக்க வேண்டும், மற்றவர்கள் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம்.

இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஆடுவது. இன்னொன்று, தபாலில் செஸ் ஆடுவது போல, அவரவர் நேரம் கிடைக்கும்போது ஒரு நகர்த்தல் செய்துவிட்டுப் போவது. இரண்டாவது முறையைத்தான் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

அப்பா ரிட்டயர் ஆனதும் திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். அக்கா ஜெர்மனியில், நான் சென்னையில். அப்பாவுக்கும் அக்காவுக்கும் போன் பேச்சு எப்போதும் இரண்டு நிமிடம்தான். "சாப்டியா, குளிரா, சரி அம்மாகிட்ட குடுக்கறேன்." கல்யாண விஷயத்தில் வந்த ஒரு மனக்கசப்பு, பெயரில்லாமல் அப்படியே தங்கிவிட்டது. மூவரும் "கார்கசோன்" ஆடத் தொடங்கினோம். 2000-ல் வெளிவந்த விளையாட்டு. சதுர அட்டை ஒன்றை எடுத்து, ஏற்கனவே உள்ள அட்டைகளோடு பொருந்தும்படி வைக்க வேண்டும். சாலையோடு சாலை, கோட்டைச் சுவரோடு கோட்டைச் சுவர். அதன்மேல் நம் ஆளை நிறுத்தி உரிமை கொண்டாடலாம். மொத்தம் 72 அட்டைகள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அட்டை வீதம் ஓர் ஆட்டம் பத்து நாள் ஓடும்.

இரண்டாவது ஆட்டத்திலேயே அப்பா அக்காவுக்குத் தானாகப் போன் செய்தார். "என்னம்மா இது, நான் கட்டின நகரத்துல வந்து உட்கார்ந்துட்டே?" பேச்சு இருபது நிமிடம் ஓடியது. மௌஸைப் பிடிக்கக் கை நடுங்கியவர், இன்று ஜெர்மனியில் மணி என்ன என்று கணக்குப் போட்டு, "அவ எழுந்திருப்பா" என்று காத்திருக்கிறார். வேறு எந்த சாஃப்ட்வேரும் எங்கள் வீட்டுக்கு இவ்வளவு செய்ததில்லை.

ஆனால் இங்கேயே நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், கம்ப்யூட்டர் எல்லாக் கணக்கையும் தானே போட்டுவிடுகிறது. தப்பான இடத்தில் அட்டையை வைக்க விடாது. புள்ளிகளைத் தானே கூட்டிக்கொள்ளும். வசதிதான். ஆனால் அப்பா இரண்டு மாதம் ஆடிய பிறகும், வயலில் நிறுத்திய ஆளுக்குக் கடைசியில் ஏன் புள்ளி கிடைக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த வயல் தொடும் ஒவ்வொரு முடிந்த நகரத்துக்கும் 3 புள்ளி என்பது விதி. ஸ்கோர் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாரே தவிர, ஏன் ஏறியது என்று யோசிக்க அவசியமே வரவில்லை. கையால் எண்ணிப் பார்த்த பிறகுதான் அவர் ஆட்டம் மாறியது. கால்குலேட்டர் வந்த பிறகு வாய்ப்பாடு மறந்த கதைதான் இதுவும்.

இரண்டாவது காரணம் அம்மா. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலிதான். மூன்று பேர் மூன்று ஊரில் ஆடிக்கொண்டிருந்தபோது, அதே வீட்டில் இருந்த அம்மா பக்கத்து அறையில் டி.வி. பார்த்துக் கொண்டிருந்தார். ஒரு பொங்கல் லீவில் கார்கசோன் பெட்டியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பாயை விரித்து அட்டைகளைப் பரப்பினோம். அட்டைகளில் எழுத்தே இல்லை, படம் மட்டும்தான். கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய கண் அம்மாவுக்கு. எந்த அட்டை எங்கே பொருந்தும் என்று எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது. அன்று ஆடிய மூன்றில் இரண்டு ஆட்டம் அவருக்கு.

எனவே முதல் பெட்டி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது மொழி. விளையாட்டுக்குள் ஆங்கில வாக்கியங்கள் எவ்வளவு இருக்கின்றன? கார்கசோனில் இல்லை. ஐந்து நிறச் சதுரங்களை அடுக்கும் "அசுல்" விளையாட்டிலும் இல்லை. ரயில் பாதை அமைக்கும் "டிக்கெட் டு ரைட்"டில் ஊர்ப் பெயர்கள் படிக்கத் தெரிந்தால் போதும், பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம். இதற்கு இந்திய வரைபடமும் 2011-ல் வந்தது. ஆனால் அது தனி விளையாட்டு அல்ல, மூலப் பெட்டி கையில் இருந்தால்தான் பயன்படும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கட்டானில் சில சீட்டுகளைப் படித்தாக வேண்டும். ஆடக் குறைந்தது மூன்று பேர் வேண்டும், கணவன் மனைவி மட்டும் உள்ள வீட்டுக்கு ஆகாது.

ஒருவரையொருவர் தோற்கடிப்பது பிடிக்காத குடும்பங்களுக்கு "பேண்டமிக்". மேட் லீகாக் உருவாக்கி 2008-ல் வந்தது. உலகில் 48 நகரங்களில் நோய் பரவும், எல்லோரும் ஒரே அணியாகச் சேர்ந்து தடுக்க வேண்டும். அந்த 48-ல் சென்னையும் ஒன்று என்பதால் நம் ஆட்கள் உடனே அங்கே ஓடுவார்கள்! ஒரு முறை நோய் வந்த நகரங்களின் சீட்டுகளைக் கலைத்துத் திரும்பக் கட்டின் மேலேயே வைக்கச் சொல்லும் ஒரு விதி இதில் உண்டு. அதனால் அடிபட்ட நகரமே மறுபடி அடிபடும். புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே ஒரு வரியில் இத்தனை பயத்தை உண்டாக்கிய வேறு விதியை நான் பார்த்ததில்லை. குறை என்னவென்றால், வீட்டில் அதிகாரமாகப் பேசும் ஒருவர் இருந்தால் மற்ற மூவருக்கும் அவரே உத்தரவு போடுவார். அப்படிப்பட்டவர் உங்கள் வீட்டில் யார் என்று உங்களுக்கே தெரியும். அங்கே "ஹனாபி" வாங்குங்கள். இதில் நம் சீட்டு நமக்குத் தெரியாது, மற்றவர்களுக்கு மட்டுமே தெரியும். அதிகாரம் செல்லாது.

வாங்கும் முன் "போர்டு கேம் கீக்" என்ற இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள். மதிப்பெண்ணை விட்டுவிட்டு "வெயிட்" என்ற எண்ணைப் பாருங்கள். 1 என்றால் மிக எளிது, 5 என்றால் தலை சுற்றும். முதல் பெட்டி 2-ஐ ஒட்டி இருக்கட்டும். எத்தனை பேர் ஆடினால் நன்றாக இருக்கும் என்று ஆடியவர்கள் போட்ட ஓட்டும் அங்கேயே இருக்கும். விதிப் புத்தகத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் பி.டி.எஃப்.பாக இலவசமாகவே தருகின்றன. டவுன்லோட் செய்து படித்துப் பாருங்கள். பாதியில் தூக்கம் வந்தால் அந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம்.

தரையில் ஆடும்போது ஃபேனைக் குறைத்து வையுங்கள், சீட்டுகள் பறக்கும். பெட்டிக்குள் ஷூ டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தால் மழைக்காலத்தில் அட்டை வளையாது. கார்கசோனை மூடி வைக்கும் முன் ஒரு முறை 72 எண்ணிவிடுங்கள். சில பதிப்புகளில் நதி வரைந்த 12 அட்டைகள் கூடுதலாக இருக்கும், அவற்றைத் தனியாக எண்ணுங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை 71 வந்து, கடைசி அட்டை பாய்க்கடியில் கிடைத்தது.