மாண்டவர்க்கு ஒரு பாதை, மண் வெட்டும் கரங்கள் சமைக்கட்டும்!



லண்டன் மாநகரில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம் என்று ஒன்று உண்டு. மன்னர்களும் மந்திரிகளும் துயிலும் இடம். அங்கே பளிங்கிலே ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. யாருக்கு? சர் அயர் கூட் என்னும் கும்பினித் தளபதிக்கு! அந்தத் தளபதி பெயர் வாங்கிய போர்களில் ஒன்று எங்கே நடந்தது தெரியுமா? நம் பரங்கிப்பேட்டையிலே! நெய்வேலியில் பஸ் ஏறி, வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று போனால், போய்ச் சேருகிற அதே பரங்கிப்பேட்டையிலே!

1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். ஒரு புறம் கும்பினிப் படை, எட்டாயிரத்துச் சொச்சம் பேர். எதிரே மைசூர் ஐதர் அலியின் பெரும்படை, அதைவிடப் பல மடங்கு. ஊருக்கு வடக்கே, கடலோர மணல்மேடுகளை ஒட்டிய வெளியிலே பீரங்கிகள் முழங்கின. கடலில் நின்ற கப்பலும் குண்டு வீசிற்று. பொழுது சாய்வதற்குள் ஐதர் பின்வாங்கினார், கூட் வென்றார்.

வென்றவருக்குப் பளிங்கு கிடைத்தது. 1782இல் மறைந்த ஐதருக்குச் சீரங்கப்பட்டணத்தில் கல்லறை மாளிகை எழுந்தது. அதே 1781 ஆகஸ்டில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் நடந்த சண்டையில் விழுந்த வெள்ளை அதிகாரிகள் இருவருக்குக்கூட இரண்டு தூண்கள் நிற்கின்றன!

சிப்பாய்க்கு? தண்ணீர் சுமந்தவனுக்கு? பீரங்கி இழுத்த மாட்டை ஓட்டியவனுக்கு? ஒரு செங்கல் உண்டா? ஓர் எழுத்து உண்டா? இல்லை!

அந்த நாளைப் பற்றி மார்க் வில்க்ஸ் என்னும் வெள்ளை அதிகாரி தன் மைசூர் வரலாற்றில் ஒரு செய்தி சொல்கிறார். களம் கைநழுவியது தெரிந்தும் ஐதர் இருந்த இடத்தைவிட்டு எழ மறுத்தாராம். சொன்னவர்களையெல்லாம் சீறி விழுந்தாராம். கடைசியில் குதிரைக்காரன் ஒருவன் அருகே போனான். அவர் காலில் செருப்பை மாட்டினான். குதிரையில் ஏறச் சொன்னான். அவர் ஏறினார்; தப்பினார். நாட்டை ஆண்டவரைக் காப்பாற்றியவன் ஒரு குதிரைக்காரன்! அவன் பெயர் என்ன? ஏட்டிலே இல்லை, தோழர்களே, ஏட்டிலே இல்லை!

ஆகவேதான் சொல்கிறேன்: பரங்கிப்பேட்டைப் போர்க்களத்தில் ஒரு நினைவு நடைபாதை வேண்டும். மாளிகை வேண்டாம், வளைவு வேண்டாம். மனிதன் நடக்க ஒரு பாதை. நின்று படிக்கச் சில கற்கள். இளைப்பாற மர நிழல். அதைத் தொண்டர்கள் தங்கள் கையாலேயே போட வேண்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்த காரியம்! முதல் உலகப்போரில் இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லையான பனிமலைகளில் இரு நாட்டுப் படையும் மோதி மடிந்தன. 1973இல் வால்தர் ஷாமன் என்ற ஆஸ்திரிய இராணுவ அதிகாரி ஒரு தொண்டர் அமைப்பைத் தொடங்கினார். பல நாட்டு இளைஞர்கள் தாமாக வந்தார்கள். சிதைந்து கிடந்த போர்ப்பாதைகளைக் கல் அடுக்கிச் செப்பனிட்டார்கள். அவற்றுக்கு வைத்த பெயர் என்ன? அமைதிப் பாதைகள்! அன்று துப்பாக்கி தூக்கிய மலையிலே, பேரப்பிள்ளைகள் கடப்பாரை தூக்கினார்கள்.

“வெள்ளைக்காரன் வென்ற களத்துக்கு நினைவுப் பாதையா? வெட்கம்!” என்பர் சிலர். வெற்றிவிழா எடுக்கச் சொல்லவில்லை, ஐயா! கும்பினிப் படையிலும் பெரும்பாலோர் இந்த மண்ணின் சிப்பாய்கள்தாம். வயிற்றுக்காக அன்னியன் கொடிக்குக் கீழே நின்றவன் ஒருவன். எதிரே நின்றவன் இன்னொருவன். இரண்டு பக்கமும் விழுந்தவன் ஏழை மகன். அந்த வேதனையை மறைப்பதுதான் வெட்கம். எழுதி வைப்பது வெட்கமல்ல.

எழுதும்போது முழுதும் எழுத வேண்டும். 1780இல் ஐதரின் குதிரைப்படை கர்நாடகச் சீமைக்குள் பாய்ந்தபோது ஊர்கள் எரிந்தன. உழவன் ஊரைவிட்டு ஓடினான். அதையும் கல்லிலே சொல்ல வேண்டும். வீரத்தை மட்டும் பாடி, வெந்த குடிசையை மறைக்கும் கல் பொய்க் கல்!

“இருக்கிறவனுக்கே சாலை இல்லை, செத்தவனுக்குச் சாலையா?” என்பர் வேறு சிலர். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: அந்தப் பாதையில் முதலில் நடக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கத்து மீனவரும் உழவரும் பள்ளிப் பிள்ளைகளுமே. அவர்களுக்குப் பயன்படாத பாதை நமக்கும் வேண்டாம்.

வேலையில் இறங்குமுன் முறை தெரிந்து இறங்க வேண்டும். ஊராட்சியைக் கேளுங்கள், வருவாய்த் துறையைக் கேளுங்கள், வயலுக்கு உரியவரைக் கேளுங்கள். விளைந்த பயிரில் ஒரு காலடியும் படக்கூடாது. மணல்மேட்டில் மண்வெட்டி படவே கூடாது! கடலுக்கும் குடிசைக்கும் நடுவே நிற்கும் இயற்கை அரண் அது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையைக் கண்ட கரைக்கு அதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டைச் சுற்றிப் பாதை போகட்டும். ஓரத்தில் பனையும் புன்னையும் பூவரசும் வளரட்டும்.

இதை ஏன் நெய்வேலித் தொழிலாளியிடம் சொல்கிறேன்? 1957இல் தோண்டத் தொடங்கி, 1961இல் பழுப்பு நிலக்கரியின் முகத்தை வெளியே கொண்டுவந்த தொழிலாளரின் வழிவந்தவன் நீ! மண்ணின் குணம் உனக்குத் தெரியும். இன்னொன்றும் உனக்குத் தெரியும். சுரங்கத்துக்காக ஊரைக் கொடுத்தவர்கள் உன்னோடு இருக்கிறார்கள். அவர்கள் பிறந்த வீடு எங்கே, குளித்த குளம் எங்கே என்று கேட்டால், காட்டுவதற்குக் கையுண்டு, காண்பதற்கு ஊரில்லை. அடையாளமில்லாமல் போவது என்னவென்று புத்தகத்தில் படித்தா நீ தெரிந்துகொள்ள வேண்டும்?

ஷிப்டு முடிந்த கையோடு வரச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு ஓய்வு நாள், ஒரு வட்டத்துக்குப் பத்துப் பேர், ஆளுக்கொரு மண்வெட்டி! நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே கூடையில் மண் சுமக்கட்டும். முதல் கல் யாருக்கு என்று என்னைக் கேட்டால், தயங்காமல் சொல்வேன்: பெயர் தெரியாத அந்தக் குதிரைக்காரனுக்கு!

தளபதிகளுக்குப் பளிங்கு கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். தொழிலாளியை நினைக்கத் தொழிலாளிதான் வர வேண்டும். எடுங்கள் மண்வெட்டியை!