தண்ணீர் இருக்கத் தயம்மும் எதற்கு?



சென்ற மாதம் மஃரிபுத் தொழுகை முடிந்து வெளியே வருகையில், முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வழிமறித்தார். வயது இருபது, ஒரகடம் பக்கத்தில் ஷிஃப்ட் வேலை. “ஹஜ்ரத், நான் கிளட்ச் பிடிக்காமலேயே கியர் மாற்றுகிறேன். அத்தா ஏசுகிறார்கள். மார்க்கத்தில் இதற்குத் தடை உண்டா?” என்றார்.

சிரிப்புத்தான் வந்தது. எனினும் அந்த வண்டியின் கதை எனக்குத் தெரியும். பட்டுச் சேலைகளைக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் அவருடைய அத்தா, வட்டிக் கடன் வாங்க மாட்டேன் என்று மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வண்டி அது.

இளைஞர்கள் எதைச் செய்தாலும் ஹராம் என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் செய்தி இன்னதென்று விளங்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் கியர்பெட்டியில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. கியர் மாற்றும்போது அவற்றின் பக்கவாட்டில் உள்ள தடித்த பற்களே ஒன்றை விட்டு மற்றொன்றில் போய்ப் பிடிக்கின்றன. எஞ்சினின் விசை அவற்றை இறுக்கிக்கொண்டிருக்கும்வரை அவை விலகா. கிளட்ச் அந்த விசையைத் துண்டிக்கிறது. ஆக்ஸிலேட்டரைக் கணப்பொழுது தளர்த்தினாலும் இறுக்கம் நீங்கும்; அந்த நொடியில் மிதித்தால் கியர் விழும். மேல் கியருக்கு இது எளிது. கீழ் கியருக்கு எஞ்சினின் வேகத்தைச் சற்றே உயர்த்தி இணைக்க வேண்டும். அதில் தவறுவோரே மிகுதி.

பந்தய வண்டிகளில் இவ்வேலையைக் கருவியே செய்கிறது. டிவிஎஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அப்பாச்சி ஆர்டிஆர் 310-க்கும் அக்கருவி வந்துவிட்டது. நம் பெரியவர்கள் ஓட்டிய யெஸ்டியிலோ, கியர் மிதியை அழுத்தினாலே கிளட்ச் தானாக விலகும். 1996 வரை மைசூரில் செய்யப்பட்ட வண்டி அது. கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றுவது நம் பிள்ளைகள் கண்டுபிடித்த புதுமையன்று! ஆனால் அவ்வண்டிகள் அதற்கென்றே செய்யப்பட்டவை. நம் வீட்டுச் சாதாரண வண்டி அப்படியன்று.

இந்த வித்தை எனக்கும் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் வந்தவாசியிலிருந்து திரும்பும் வழியில், இஷா நேரம் கடந்தபின் கிளட்ச் கேபிள் அறுந்தது. நியூட்ரலில் எஞ்சினை இயக்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி ஏறி, முதல் கியரை மிதித்தேன். மாமண்டூரைத் தாண்டி, பாலாற்றுப் பாலம் கடந்து, எங்கும் நிற்காமல் ஊர் வந்து சேர்ந்தேன். அன்று அது எனக்கு அல்லாஹ்வின் உதவியாகவே பட்டது.

ஆகவே அவரிடம் தயம்மும் பற்றிக் கேட்டேன். தண்ணீர் இல்லாதவருக்கும், தண்ணீரைப் பயன்படுத்த இயலாத நோயாளிக்கும் அது சலுகை. ஹவ்ளு நிறையத் தண்ணீர் இருக்க, உடல்நலத்தோடு இருப்பவர் பக்கத்தில் நின்று மண்ணைத் தடவினால் உளூ ஆகுமா? “ஆகாது ஹஜ்ரத்” என்றார். இதைப் பாடத்தில் சரியாகச் சொன்னவர்தாம் அவர்!

என் கருத்து இதுதான். சொந்த வண்டியில், தேவைக்கு, கற்றுத் தெளிந்து செய்தால் அதைக் குற்றம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. அத்தாவின் வண்டியோ அமானிதம். தவறான நேரத்தில் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பற்களின் முனை மழுங்குகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. மாதங்கள் கழித்து, ஓடும்போதே கியர் தானாகக் கழன்றுகொள்ளும். அந்நேரம் பின்னால் உம்மாவோ தங்கையோ அமர்ந்திருக்கலாம். பொன்னேரிக்கரையில் பின்னே லாரி வந்துகொண்டிருக்கலாம். வண்டி ஏறும்போது ஓதும் துஆவில், இதை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இருக்கவில்லை என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். அதை ஓதிய மறுநிமிடமே நண்பர்களிடம் வித்தை காட்டுவது எப்படிப் பொருந்தும்?

பெற்றோருக்கும் ஒரு சொல். அந்த அத்தா ஏசினார். ஏன் கூடாது என்று விளக்கவில்லை. கோர்வைப் புடவை நெய்யும் வீடுகளில், கூடத் தறியில் அமரும் பிள்ளைக்கு நாடா எப்போது வர வேண்டும் என்று எத்தனை பொறுமையோடு கற்றுத் தருகிறார்கள்! வண்டிச் சாவியை மட்டும் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். மூன்றாம் கியர் ஏற்கெனவே கழலத் தொடங்கியிருந்ததாம். மெக்கானிக்கிடம் காட்டி, செலவைத் தம் சம்பளத்திலிருந்தே கொடுத்துவிட்டார். அத்தாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். “இன்று இரவு சொல்கிறேன் ஹஜ்ரத்” என்றார்.