தலைப்பெழுத்தும் கடல் கடந்த கல்வியும்

காக்கநாட்டிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இப்பொழுது பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் ஜெர்மனியிலோ கனடாவிலோ இங்கிலாந்திலோ போய் முடிகிறது. மகிழ்ச்சிக்குரிய விஷயமே. எந்தச் சர்வகலாசாலை, எவ்வளவு கட்டணம், எந்தப் பரீட்சை என்பவற்றைப் பிள்ளைகளே விசாரித்து அறிந்து கொள்கிறார்கள். அதில் நாம் சொல்லித் தர வேண்டியது அதிகமில்லை. ஆனால் மாணவர் விசாவுக்கு மனுச் செய்யும் வேளையில், நம் குடும்பங்களைப் பிடித்து நிறுத்தும் இடையூறு ஒன்று உண்டு. அது நம்முடைய பெயர்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலையில் சூட்டி, அதன் பின் நம் பெயரை எழுதுகிறோம். ஊருக்குள் இது போதுமானது. கடவுச்சீட்டோ தலைப்பெழுத்தை ஏற்பதில்லை. அதை விரித்து எழுத வேண்டும். விரித்த பெயரைக் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் இடுவதா, இயற்பெயரோடு சேர்ப்பதா, அடியோடு விட்டுவிடுவதா என்பதைப் பெற்றோர் ஒரு நிமிஷத்தில் தீர்மானித்து விடுகிறார்கள். அத்தீர்மானம் பிள்ளையைப் பல்லாண்டு தொடர்கிறது. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாயுள்ள கடவுச்சீட்டில் அமெரிக்கா விசா வழங்கும்போது, முழுப் பெயரையும் குடும்பப் பெயராகக் கொண்டு, இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகளை அச்சிடுகிறது. நாள் பார்த்துச் சூட்டிய பெயருக்கு இந்தக் கதி! ஐக்கிய அரபு நாடுகளோ, கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அறிவித்து, தகப்பனார் பெயர் கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தின.

இது புதிய சங்கடமன்று. 1914 மார்ச் 17-ல் சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் புறப்பட்ட ஸ்ரீநிவாச ராமானுஜனின் பெயரில் 'ஸ்ரீநிவாச' என்பது தகப்பனார் பெயர். 1930-ல் கேம்பிரிட்ஜ் சென்ற சுப்ரமணியன் சந்திரசேகருக்கும் அவ்வாறே. தகப்பனார் பெயர் முன்னே நிற்க, அவர்களுடைய சொந்தப் பெயரே மேனாட்டார் வழக்கில் குடும்பப் பெயராயிற்று. 1999-ல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று பெயரிட்டார்கள். அவர் தகப்பனார் பெயரை இடவில்லை. இன்று கட்டங்களை நிரப்பும் முறை வேறு. தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினால், அயல்நாட்டுப் பேராசிரியர் நம் பெண்ணை 'மிஸ் ஆறுமுகம்' என்றே அழைப்பார். சற்று வேடிக்கைதான். ஆயினும் கட்டத்தைக் காலியாக விடுவதைக் காட்டிலும் அதுவே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

கேரளத்தில் குடியேறியவர்களுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் ஆறுமுகம், சிதம்பரம், சண்முகம் என்று முடியும் பெயர்கள் மலையாள வழக்கில் ஆறுமுகன், சிதம்பரன், சண்முகன் என்று முடிவதுண்டு. அவ்வாறு எழுதிய குமாஸ்தாவைக் குறை சொல்வதற்கில்லை. அவர் தம் மொழியின் மரபுப்படி எழுதினார். தகப்பனாரின் பள்ளிச் சான்றிதழ் திருநெல்வேலியிலோ மதுரையிலோ பெற்றது. அதில் அவர் ஆறுமுகம். மகளின் பிறப்புச் சான்றிதழ் கொச்சியில் பெற்றது. அதில் அவர் ஆறுமுகன். வங்கிப் புத்தகத்திலோ தலைப்பெழுத்தோடு மூன்றாவது மனிதர் ஒருவர் நிற்கிறார்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். பெற்றோரின் கணக்கிலுள்ள பணத்தைக் காட்டி இங்கிலாந்துக்கு மனுச் செய்யும் மாணவர், அவர்கள் தம் பெற்றோரே என்பதைப் பிறப்புச் சான்றிதழ் போன்ற பத்திரத்தால் நிறுவ வேண்டும். அவர்களுடைய சம்மதக் கடிதமும் வேண்டும். பணமும் 28 நாள் தொடர்ந்து குறையாமல் இருந்திருக்க வேண்டும். நகையை அடகு வைத்து, ஊரிலுள்ள நிலத்தை விற்றுத் திரட்டிய பணம் கணக்கில் இருக்கிறது. அது ஆறுமுகத்தின் பணம். பெண்ணோ பத்திரப்படி ஆறுமுகனின் மகள். மேசைக்கு அப்பாலிருக்கும் உத்தியோகஸ்தருக்கு நம் இலக்கணம் தெரியாது. மனு தள்ளுபடியாகி, மீண்டும் கட்டணம் செலுத்தி விண்ணப்பிப்பதற்குள் வகுப்புகள் தொடங்கிவிடும்.

எல்லாவற்றையும் தரகர் பார்த்துக் கொள்வார் என்று இருப்பவர்கள், கனடாவில் நடந்ததை நினைவு கூர்வது நல்லது. தரகர் வாங்கித் தந்த கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலி என்று தெரியவர, நாடு கடத்தப்படும் நிலையிலிருந்த பஞ்சாப் மாணவர் பலர் 2023-ல் அங்கே தெருவில் அமர்ந்து போராடினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் கனடா அரசாங்கம் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்யத் தொடங்கியது. பெயர் விஷயத்திலும் தரகருக்கு அக்கறை இராது. பத்திரங்களில் உள்ளபடி அவர் மனுவை நிரப்பிக் கொடுப்பார், அவ்வளவே.

திருத்தம் செய்ய வழியில்லாமல் இல்லை. கேரளத்தின் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குத் திருவனந்தபுரத்திலுள்ள பரீட்சா பவன். தமிழ்நாட்டுச் சான்றிதழுக்குச் சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். பெயரையே மாற்றிக் கொள்வதானால் அரசிதழ் அறிவிப்பு. எல்லாம் நடக்கும், ஆனால் காலம் பிடிக்கும். விசா மனுவுக்கு இரண்டு மாதம் இருக்கையில் இவற்றைத் தொடங்குவது வீண் அலைச்சல். முதலில் பிறப்புச் சான்றிதழ், அதைப் பார்த்துப் பள்ளிப் பதிவு, அவ்விரண்டையும் பார்த்துக் கடவுச்சீட்டு, கடவுச்சீட்டில் உள்ளபடியே ஆங்கிலத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தல் என்ற வரிசை குலையாதிருந்தால், மேற்கண்ட அலுவலகங்கள் எதற்கும் போக வேண்டிய அவசியமே நேராது.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன், மாணவர் விவரங்களைச் சரிபார்க்கும்படி பள்ளியில் கேட்பார்கள். அந்தத் தாளில் பிள்ளையிடம் அவசரமாகக் கையெழுத்திட்டு அனுப்பாமல், தகப்பனாரும் தாயாரும் தத்தம் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக் கொண்டு, அரை நாள் விடுப்பில் பள்ளிக்குப் போய் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வருமாறு வேண்டுகிறோம்.